நண்டு வளைக்கு முன்னால் பத்து நிமிடம்: நம் கடற்கரையையும் உப்புச் சதுப்பையும் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கடற்கரைக்குப் போகும் குழந்தை முதலில் செய்வது நண்டைத் துரத்துவதுதான். பழைய பழக்கம் அது. சங்கப் பாடல்களிலேயே நெய்தல் நிலத்துப் பெண்கள் அலவன் ஆட்டி விளையாடுகிறார்கள். அலவன் என்றால் நண்டு. நானும் துரத்தி வளர்ந்தவன்தான். ஆனால் துரத்தும்போது நண்டின் ஓட்டம் மட்டும்தான் கண்ணில் படும். அது எப்படிச் சாப்பிடுகிறது, வளையை எப்படித் தோண்டுகிறது, பக்கத்து வளைக்காரனோடு எதற்காக மல்லுக்கு நிற்கிறது என்பதெல்லாம் நாம் ஓரிடத்தில் உட்கார்ந்தால்தான் தெரியவரும். சென்னை முதல் கோடியக்கரை வரை உள்ள மணல் கரையையும் அதன் பின்னால் இருக்கும் கழி, சதுப்பு, அலையாத்திக் காட்டையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

படி 1: நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை சிறந்த காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து கடல் அடங்கியிருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பிப் போயிருக்காது, ஆமைகள் முட்டையிட வரும் பருவமும் அதுதான். ஏப்ரலுக்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிடும். நண்டுகளும் வளைக்குள் இறங்கி வாயை மணலால் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து கடல் ஏற்றமும் வற்றமும். நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றும். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதனால் பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் தட்டையான சேற்று நிலத்தில் ஒரு சாண் நீர் இறங்கினாலே பெரிய பரப்பு வெளியே தெரியும், அங்கிருக்கும் உயிர்களும் வெளியே வரும். ஏற்ற, வற்ற நேரம் சொல்லும் ஓத அட்டவணை இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை எச்சரிக்கைகளும் வெளியிடுகிறது, கிளம்பும் முன் அதையும் பாருங்கள். இதெல்லாம் புரியவில்லையா? கரையில் வலை உலர்த்தும் அண்ணனிடம் "தண்ணி எப்போ வத்தும்ணே?" என்று கேட்டால் போதும்.

வற்றம் முழுமையடையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். இறங்கும் நீரின் பின்னாலேயே நடப்பதுதான் நல்ல முறை.

படி 2: பைக்குள்

குடிநீர், தொப்பி, நோட்டு, பென்சில், சின்ன அளவுகோல், சதுப்புக்கு நன்றாகப் பிடிக்கும் பழைய செருப்பு அல்லது ஷூ. பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள், இரண்டு மூன்று மீட்டர் தூரத்திலும் தெளிவாகக் காட்டும் வகை என்றால் நண்டுக்கும் உதவும். இரவு நடைக்கு டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். வாளி, வலை, பாட்டில் எதுவும் வேண்டாம். அவை கையில் இருந்தால் பிடிக்கத்தான் தோன்றும்.

படி 3: அலை நுனியில் தொடங்குங்கள்

அலை வந்து திரும்பும் ஈர மணலில் கணுக்கால் நனைய நின்று, திரும்பிப் போகும் நீரைப் பாருங்கள். வழுவழுப்பான மணலில் திடீரென்று ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சின்னச் சின்ன நீர்க்கோடுகள் தோன்றும். சென்னைப் பக்கம் எலிப்பூச்சி என்று சொல்லும் உயிர் அங்கே புதைந்திருக்கிறது. கட்டைவிரல் நுனி அளவு, முட்டை வடிவம், பூச்சி என்று பெயர் இருந்தாலும் நண்டின் உறவுக்காரர். உடம்பை மணலுக்குள் புதைத்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அலை திரும்பும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்து, நீரில் வரும் நுண்ணுயிர்களை அரித்துத் தின்னும். கரையோர உள்ளான் பறவைகள் அலையோடு முன்னும் பின்னும் ஓடுவது இதுபோன்ற சிற்றுயிர்களுக்காகத்தான்.

அதே இடத்தில், மஞ்சளும் சாம்பலும் கலந்த உடம்பில் புள்ளிகள் தெளித்த வட்ட நண்டு ஒன்று அலையில் புரண்டு வரலாம். பக்கத்துக்கு ஒரு முள், கால்களின் நுனி எல்லாம் துடுப்பு. நிலா நண்டு என்று சிலர் எழுதுகிறார்கள். மணலில் பட்டதும் பின்பக்கமாக இறங்கி ஒரே நொடியில் காணாமல் போய்விடும்.

படி 4: மணல் உருண்டைகளைப் படியுங்கள்

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், அலை அடிக்காத ஈர மணல் திட்டைத் தேடுங்கள். மிளகைவிடச் சின்ன மணல் உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். முதல் பார்வைக்கு யாரோ கொட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் ஒழுங்கு தெரியும்: நடுவில் ஒரு துளை, அதிலிருந்து சக்கரத்தின் ஆரம் போலச் சின்னப் பாதைகள், பாதை ஓரமாக உருண்டைகள். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டதுபோல.

இது மணல் உருண்டை நண்டின் சாப்பாட்டுக் கணக்கு. நகத்தளவு நண்டு, ஈர மணலை வாய்க்குள் அள்ளி, மணல் துகளில் ஒட்டியிருக்கும் பாசியையும் நுண்ணுயிரையும் எடுத்துக்கொண்டு, மீதி மணலை உருட்டி விட்டுவிடும். உருண்டை கிடந்தால் 'இந்த மணலை ஏற்கெனவே தின்றாகிவிட்டது' என்று அர்த்தம். அடுத்த ஏற்றம் எல்லாவற்றையும் அழித்துவிடும், அதனால் நீங்கள் பார்ப்பது ஒரே வற்றத்தின் வேலை. இந்தத் திட்டின் குறுக்கே நடக்காதீர்கள். ஓரமாக உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி வெளியே வரும்.

படி 5: குழி நண்டின் வாசலில் உட்காருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆங்கிலப் பெயரை அப்படியே மாற்றிப் பேய் நண்டு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, குழி நண்டு என்றே சொல்கிறேன். அலைக்கோட்டுக்கு மேலே, அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் முளைத்த மணல்மேடு வரைக்கும் அதன் வளைகள் இருக்கும். பொதுவாகக் குட்டிகள் நீருக்கு அருகே, பெரியவை மேலே. வளை வாயின் அகலம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் நண்டின் ஓட்டு அகலம்தான். விரலை வைத்துப் பார்த்தே, ஒரு விரல் நண்டா மூன்று விரல் நண்டா என்று சொல்லிவிடலாம்.

ஆள் இருக்கும் வளையை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலில் கொட்டிய மணல் ஈரமாக, சுற்றியுள்ள மணலைவிடக் கறுத்து, விசிறி போலப் பரவியிருந்தால் இப்போதுதான் தோண்டியிருக்கிறது. பக்கத்தில் ஊசி முனையால் குத்தினது போன்ற கால்தடங்கள் வரிசையாக இருக்கும். மணல் காய்ந்து, வாய் சரிந்து, தடம் எதுவும் இல்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். நிற்கக் கூடாது, உட்கார வேண்டும். உங்கள் நிழல் வளை மேல் விழக் கூடாது. எழுந்து திரும்பி உட்காருவது, கையை ஆட்டுவது, பக்கத்தில் இருப்பவருக்கு விரல் நீட்டிக் காட்டுவது எல்லாம் அதற்குத் தெரியும். கண் தண்டின் மேல் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும். இதே வழிகாட்டியை ஒரு வரியில் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: பத்து நிமிடம் அசையாதீர்கள்.

நான்காவது, ஐந்தாவது நிமிடத்தில் வளை விளிம்பில் இரண்டு கண்கள் மட்டும் எழும். சங்கப் புலவர் ஒருவர் நண்டின் கண்ணை வேப்பம்பூ மொட்டுக்கு ஒப்பிட்டிருக்கிறார். அந்தக் கண்களை அருகில் பார்த்தவருக்கு அந்த உவமை எவ்வளவு சரி என்று தெரியும்: காம்பின் நுனியில் நீண்ட மொட்டு. வெகுநேரம் கண் மட்டும்தான். அப்புறம் ஒரு பக்கக் கால்கள், பிறகு முழு உடம்பு, நெஞ்சோடு அணைத்த ஒரு பிடி ஈர மணல். ஒரு சாண் தூரம் வந்து அந்த மணலை வீசி எறிந்துவிட்டு, அப்படியே நின்று பார்க்கும். ஆபத்து இல்லை என்று முடிவு செய்தால் உள்ளே போய் அடுத்த பிடி. முதல் தடவை இதை முழுதாகப் பார்த்த அன்று பதினேழு பிடி எண்ணினேன். பதினெட்டாவதுக்குக் காத்திருந்தபோது ஒரு நாய் ஓடிவந்து எல்லாம் முடிந்தது.

இன்னும் பார்க்க வேண்டியவை சில. ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பெரியது. அதன் உள்பக்கத்தில் வரிவரியாக மேடுகள் இருக்கும், அவற்றைக் கையின் அடிப்பகுதியில் உரசி ஒலி எழுப்பும். வளை வாசலில் காதை வைத்தால் சில சமயம் கேட்கும். ஈர மணலில் உடம்பைத் தாழ்த்தி அமர்ந்தால் அது ஓய்வு எடுக்கவில்லை. கால்கள் உடம்போடு சேரும் இடத்தில் உள்ள மயிர்க்கற்றை வழியாக நீரை உறிஞ்சிச் செவுளை நனைக்கிறது. தரையில் வாழ்ந்தாலும் செவுள் காய்ந்தால் அதற்கு மூச்சு இல்லை. சில இனங்களுக்குக் கண்ணுக்கு மேலே கொம்பு நீண்டிருக்கும், அது இனத்தைப் பிரித்தறிய உதவும்.

வளையைத் தோண்டிப் பார்க்க ஆசை வரும். சிறுவயதில் நான் தோண்டியிருக்கிறேன். ஒரு மீட்டர் ஆழம் வரை சாய்ந்தும் வளைந்தும் போகும் வளை அது. பாதியிலேயே மணல் சரிந்து மூடிக்கொண்டது, உள்ளே இருந்தது என்ன ஆனது என்று இன்று வரை தெரியாது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

படி 6: இரவில் ஒரு நடை

குழி நண்டு பெரும்பாலும் இரவுக்காரர். பகலில் ஒன்றிரண்டு தெரிந்த கரையில் இரவு எட்டு மணிக்கு நூற்றுக்கணக்கில் ஓடும். சிவப்பு வெளிச்சத்தில் அவ்வளவாக மிரளாது. செத்த மீன், பூச்சி, எலிப்பூச்சி, எது கிடைத்தாலும் தின்னும். கரையைச் சுத்தம் செய்யும் வேலையில் பாதியை அதுதான் பார்க்கிறது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் நடந்தால் பங்குனி ஆமையைப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. பருவத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள் நம்மவர்கள். ஒரு தாய் நூறு, நூற்றிருபது முட்டைகள் இட்டு, மணலை மூடி, உடம்பாலேயே தட்டி இறுக்கிவிட்டுப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது, சூடு அதிகமானால் பெண். சென்னையில் மாணவர்கள் 1988-இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒவ்வொரு பருவத்திலும் நீலாங்கரை–பெசன்ட் நகர் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றுகிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். தனியாகப் போவதைவிட அப்படிப் போவதே நல்லது.

ஆமை கரையேறினால் டார்ச்சை அணையுங்கள், அதற்கு முன்னால் போகாதீர்கள், பின்பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். பிளாஷ் கூடவே கூடாது. குஞ்சுகள் கடலின் மேல் உள்ள மெல்லிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும். சாலை விளக்கு பிரகாசமாக இருந்தால் ஊர்ப் பக்கம் திரும்பிவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு குஞ்சு பத்திரமாக நீரைத் தொடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். குழி நண்டும் குஞ்சைப் பிடித்து வளைக்குள் இழுக்கும். பார்க்க மனம் பதறும். ஆனால் நண்டு இந்தக் கரையில் காலம்காலமாகச் செய்துவரும் வேலை அது, ஆமையும் அதைக் கணக்கில் வைத்துத்தான் நூறு முட்டை இடுகிறது. விளக்கும் இழுவலையும் அந்தக் கணக்கில் இல்லாதவை.

படி 7: சதுப்புக்குள் போங்கள்

மணல் கரையோடு திரும்பிவிடுபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம். 1,100 ஹெக்டேர் அளவு அலையாத்திக் காடும் கால்வாய்களும் சேறும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. தெற்கே முத்துப்பேட்டை, வேதாரண்யம் சதுப்பு, கோடியக்கரை. பிச்சாவரத்தில் மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகை எடுங்கள், வற்றும் நேரத்தைக் கேட்டு ஏறுங்கள். ஏற்றத்தில் போனால் பச்சை இலையும் நீரும்தான் தெரியும். வற்றத்தில் சேற்றுக்கரை வெளியே வரும், கூத்து எல்லாம் அங்கேதான்.

முதலில் செடிகள். உப்பு நிலத்தில் சிவந்தும் பச்சையாகவும் தடித்த இலையோடு படர்ந்திருப்பது உமரி. வெண்கண்டல் மர அடியில் பென்சில் நட்டது மாதிரி சேற்றிலிருந்து மேலே நிற்பவை அதன் மூச்சு வேர்கள், அவற்றின் மேல் மிதிக்காதீர்கள். வெண்கண்டல் இலையின் மேல் விரலை ஓட்டினால் உப்புத் துகள் ஒட்டும். தில்லை மரத்தைக் கண்டால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள், அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணுக்குப் பேராபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான்.

இப்போது பிடில் நண்டு. சேற்றில் விரல் நுழையும் துளைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் படகை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது கரையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஆள் வந்ததும் எல்லாம் உள்ளே போய்விடும். ஐந்து நிமிடம். பிறகு சேறு அசைவது போல இருக்கும், பார்த்தால் நூறு நண்டு.

ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிது, உடம்பு எடையில் பாதியை நெருங்கும் அளவுக்கு. பெண்ணுக்கு இரண்டும் சின்னது. ஆண் அந்தப் பெரிய கொடுக்கைப் பக்கவாட்டில் நீட்டி, மேலே தூக்கி, இறக்கும். வா வா என்று அழைப்பதுபோல. ஒவ்வோர் இனத்துக்கும் கையசைப்பு வேறு. ஒரு நண்டை மட்டும் எடுத்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அசைக்கிறது என்று எண்ணுங்கள். பெண் பக்கத்தில் வந்தால் வேகம் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சாப்பாட்டைக் கவனியுங்கள். பெண் இரண்டு கையாலும் மாறி மாறிச் சேற்றை அள்ளும். ஆணுக்கு ஒரு கைதான் சாப்பாட்டுக்கு. பெரிய கொடுக்கு அள்ள உதவாது, அதனால் கூடுதல் நேரம் தின்றுகொண்டே இருக்க வேண்டும். சண்டையில் கொடுக்கு போய்விட்டால் மறுபடி முளைக்கும். வெள்ளைக் கொடுக்கு இனம் ஒன்றில் புதிதாக முளைப்பது பழையதைவிட மெலிந்து, வலுக் குறைந்து இருக்கும். ஆனால் எதிரிக்கு வித்தியாசம் தெரியாது, தூக்கிக் காட்டினாலே பயந்து விலகும்.

இந்தத் துளைகள் காட்டுக்கும் உயிர்நாடி. வளை வழியாகக் காற்றும் நீரும் மூச்சில்லாத சேற்றுக்குள் இறங்குகின்றன. மர அடியில் வாழும் வேறு நண்டுகள் உதிர்ந்த இலைகளை வளைக்குள் இழுத்துச் சென்று தின்று உரமாக்குகின்றன. கறிக்கு நாம் வாங்கும் பெரிய களி நண்டும் இந்தக் கால்வாய்களில்தான் வளர்கிறது. பிச்சாவரம் பக்கம் இருளர் மக்கள் இறாலையும் நண்டையும் வெறுங்கையால் தடவிப் பிடிப்பார்கள். எந்த வளையில் நண்டு இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டு நடந்தால் ஒரு நாளில் கற்பது அதிகம்.

படி 8: நண்டைத் தேடும் பறவைகளைத் தேடுங்கள்

சதுப்பில் நிமிர்ந்து பாருங்கள். கீழ்நோக்கி வளைந்த நீண்ட மூக்கோடு சேற்றில் நடப்பது கோட்டான் வகைப் பறவை (ஆந்தையையும் கோட்டான் என்பார்கள், இது வேறு). அந்த வளைந்த மூக்கு நண்டு வளைக்குள் நுழையத் தோதானது. நண்டை இழுத்து, சேற்றில் அடித்து, காலை உதிர்த்து விழுங்கும். இராமேசுவரம், தனுஷ்கோடி பக்கம் போனால் கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த மூக்கோடு நண்டுதின்னி கிடைக்கலாம். கரைப்பறவைகளில் மணலில் வளை தோண்டி அதற்குள் முட்டையிடும் பறவை அது ஒன்றுதான்.

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பருவத்தில் பூநாரைக் கூட்டம் வரும். தலையைக் கவிழ்த்து மூக்கால் நீரை அரிப்பதைத் தூரத்திலிருந்தே பாருங்கள். படத்துக்காக நெருங்கிப் பறக்க விட்டால், நீண்ட வலசைக்கு அது சேர்த்துவைத்த சக்தியை நாம் வீணாக்குகிறோம்.

படி 9: மீன் சந்தையிலும் பாடம் உண்டு

கரையில் நண்டைப் பிடிக்காமலேயே அதன் உடம்பைக் கற்க மீன் இறங்குதளம் போதும். நண்டைத் திருப்பினால் வயிற்றில் ஒரு மடிப்பு. ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். முதுகில் மூன்று சிவப்புப் புள்ளி என்றால் முக்கண் நண்டு, சிலுவைக் குறி என்றால் சிலுவை நண்டு. மடிப்புக்கு வெளியே கொத்தாக முட்டை தெரிந்தால் சினை நண்டு. ஆரஞ்சு நிறம் என்றால் புது முட்டை, கறுத்திருந்தால் பொரியப் போகிறது. சினை நண்டை வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லை என்றால் அதைக் கடலில் திருப்பி விடுவது கூடும்.

படி 10: ஆபத்துகள்

கண்ணாடி போன்ற நீல பலூன் மணலில் கிடந்தால் தொடாதீர்கள். நீளமான விழுதுகள் உள்ள, சொறி மீன் (ஜெல்லி மீன்) போன்ற உயிர் அது, காய்ந்த பிறகும் கொட்டும். கடல் பாம்பு கரையில் அசையாமல் கிடந்தாலும் செத்ததாக நினைக்காதீர்கள், விஷம் கடுமையானது. கெளுத்தி முள் செருப்பைக்கூடத் துளைக்கும். சேற்றில் கால் புதைந்தால் பதறாமல் பின்னால் சாய்ந்து, ஒவ்வொரு காலாக ஆட்டி எடுங்கள். தனியாகச் சதுப்பில் இறங்கவே வேண்டாம். தென் கரையில் கள்ளக்கடல் (தூரக் கடலில் உருவாகித் திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை இருந்தால் அன்று கடல் பக்கமே போகாதீர்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை ஒரு நொடியில் அலை இழுத்துப் போனது, வானம் தெளிவாக இருந்த பருவத்தில்.

வண்டியை மணலில் ஏற்றாதீர்கள். வளைகள் கண்ணுக்குத் தெரியாது, டயருக்குக் கீழே நொறுங்கும். வெற்றுச் சங்கையும் எடுக்காதீர்கள். முதுகில் சங்கைச் சுமக்கும் துறவி நண்டு வளர வளர அடுத்த பெரிய சங்கைத் தேடித்தான் ஆக வேண்டும்.

படி 11: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், கடல் ஏறுகிறதா வற்றுகிறதா, காற்று எங்கிருந்து, பத்து அடிக்குப் பத்து அடி சதுரத்தில் எத்தனை வளை, அதில் புது மணல் உள்ளவை எத்தனை. இவ்வளவு போதும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும், பறவை என்றால் ஈபேர்ட் தளத்திலும் படத்தோடு ஏற்றினால் இனத்தைக் கண்டறிய மற்றவர்கள் உதவுவார்கள். ஆமைக் கூடு இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

புதுப்புது கரைகளுக்கு ஓடுவதைவிட, ஒரே சதுரத்துக்கு மாதம் இரண்டு முறை, ஒரு அமாவாசைக்கும் ஒரு பௌர்ணமிக்கும் அருகே போங்கள். நான் குறிக்கும் சதுரம் ஒரு கட்டுமரத்துக்கும் ஒரு தாழைப் புதருக்கும் நடுவே இருக்கிறது. போன மாதம் அங்கே 31 வளை, இந்த மாதம் 44. அதில் பாதி ஒரு விரல் அகலம்கூட இல்லை.